தோட்டத்து அறையில் அம்மா அப்பாவைத் தங்கவைக்க வேண்டுமா? இங்கிலாந்தில் பிளானிங் அனுமதி வாங்கும் முறை

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறை கேட்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு அறை போட்டால் என்ன? லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குராய்டனிலும் நம்மவர்கள் வீடுகளில் அடிக்கடி எழுகிற பேச்சு இது. பில்டரைக் கேட்டால், "உயரம் 2.5 மீட்டருக்குள் இருந்தால் பெர்மிஷனே தேவையில்லை" என்பார். அறையைக் கட்டுவதைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. அந்த அறையில் ஒருவர் குடியிருக்கலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல குடும்பங்கள் பெரும் பணத்தைப் போட்டுவிட்டு, பிறகு கவுன்சில் கடிதத்தோடு அலைகின்றன.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

படி 1: யார் இருக்கப்போகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்

அளவு, கதவு, டைல்ஸ் எல்லாம் அப்புறம். அந்த அறையில் யார் இருப்பார், எங்கே சமைப்பார், எங்கே சாப்பிடுவார், எந்த வழியாக வந்து போவார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மீதிப் படிகள் எல்லாமே இந்தப் பக்கத்தைப் பொறுத்துத்தான் அமையும்.

கவுன்சில் மூன்று விதமான பயன்பாடுகளைப் பிரித்துப் பார்க்கும். முதலாவது 'இன்சிடென்டல்': ஜிம், படிப்பறை, பூஜை அறை, பிள்ளைகள் விளையாடும் இடம், சாமான் அறை. வீட்டில் வாழ்கிறவர்களின் பொழுதுக்கும் வசதிக்கும் ஆனவை. இரண்டாவது 'ஆன்சிலரி': அம்மா அங்கே உறங்குகிறார், குளிக்கிறார், ஆனால் சாப்பாடும் பேச்சும் பெரிய வீட்டில். அறை வீட்டின் ஒரு பகுதியாகவே இயங்குகிறது. மூன்றாவது தனிக் குடியிருப்பு: சொந்த சமையலறை, சொந்த வாசல், பெரும்பாலும் வாடகை.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில்தான் சண்டையெல்லாம். 1992-இல் வெளியான அட்டில்ஸ்ஃபோர்டு வழக்கின் தீர்ப்பு இதில் நமக்கு உதவும். சமையல், குளியல் வசதி எல்லாம் இருந்தாலும், அதனாலேயே ஒரு பாட்டி அறை தனிவீடு ஆகிவிடாது. உண்மையில் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால் அதிகாரிகள் தனிவீட்டின் அடையாளங்களைத் தேடுவார்கள். தனி அழைப்பு மணி, தனித் தபால் பெட்டி, தனி மின்சார மீட்டர், பக்கச் சந்திலிருந்து தனி வாசல், தோட்டத்தை இரண்டாக வெட்டும் வேலி. உங்கள் திட்டத்தில் இவை இருந்தால், தேவை இல்லாதவற்றை இப்போதே எடுத்துவிடுங்கள்.

படி 2: இடத்தை அளந்து பாருங்கள்

விண்ணப்பமே இல்லாமல் கட்டும் உரிமை சிறு கட்டுமானங்களுக்குப் பொதுவாக அனுமதி தரும் 2015-ஆம் ஆண்டு அரசாணையின் 'கிளாஸ் ஈ' பிரிவிலிருந்து வருகிறது. ஒரே தளம்தான் இருக்கலாம். கட்டடத்தின் எந்தப் பகுதியாவது எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்கு அப்பால் என்றால் இருபுறமும் சரிந்த கூரைக்கு 4 மீட்டர், மற்றக் கூரைகளுக்கு 3 மீட்டர். கூரை விளிம்பு 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. வீட்டின் முன்முகத்துக்கு முன்னால் கட்டக்கூடாது.

பரப்பளவுக் கணக்கில் கவனம் வேண்டும். மூல வீடு நிற்கும் இடத்தைக் கழித்து, மீதி நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் இருக்கக்கூடாது. மூல வீடு என்றால் 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி. அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால் முதலில் கட்டியபடி. மீதி நிலம் 120 சதுர மீட்டர் என்று வையுங்கள். உச்சவரம்பு 60. முன்பு இருந்தவர் போட்ட எக்ஸ்டென்ஷன் 25, பழைய ஷெட் 8 என்றால் உங்களுக்கு மிச்சம் 27தான். அந்த எக்ஸ்டென்ஷன் நீங்கள் கட்டியதல்ல என்று சொல்லிப் பயனில்லை.

ஃபிளாட்டுகளுக்கு இந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள வீடுகளின் வளவுக்குள்ளும் கிடையாது. கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது பழமை காக்கும் பகுதியில், வீட்டின் பக்கவாட்டில் இப்படிக் கட்ட முடியாது. சில புதிய குடியிருப்புகளில் முதல் அனுமதியின் நிபந்தனையே இந்த உரிமையைப் பறித்திருக்கும். சில தெருக்களில் இந்த உரிமையை நீக்கும் 'ஆர்ட்டிகிள் 4' ஆணை இருக்கும். இரண்டையும் கவுன்சில் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தில் 'இரண்டாவது கட்டடம் கட்டக்கூடாது' என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கவுன்சில் அனுமதித்தாலும் அது தானாக விலகாது.

இனி முக்கியமான இடம். இந்த கிளாஸ் ஈ உரிமை இன்சிடென்டல் பயன்பாட்டுக்கு மட்டும். படுக்கையறை, குளியலறை, சமையலறை போன்ற அன்றாடக் குடியிருப்புக்கு இது பொருந்தாது என்று அரசின் தொழில்நுட்ப வழிகாட்டியே சொல்கிறது. 2.5 மீட்டருக்குள் எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அம்மா உறங்குவதற்கென்றே கட்டினால் அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

படி 3: சரியான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக ஒரு அறை கட்டி அதில் குடும்பத்தினர் ஒருவர் தங்கப்போகிறார் என்றால், 'ஹவுஸ்ஹோல்டர்' விண்ணப்பம், அதாவது சொந்த வீட்டிலும் அதன் மனையிலும் செய்யும் வேலைக்கான விண்ணப்பம் போடுங்கள். பலரும் அஞ்சுகிற அளவுக்கு இது கடினமானதல்ல. வயதான பெற்றோருக்காக, வீட்டோடு இணைந்து இயங்கும் அறை என்று தெளிவாக எழுதிய விண்ணப்பங்களுக்கு அனுமதி கிடைப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

ஏற்கெனவே சட்டப்படி நிற்கிற கராஜையோ தோட்டத்து அறையையோ மாற்றப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. உள்வேலைகளுக்கு மட்டும் பிளானிங் அனுமதி தேவையில்லை. வீட்டின் பகுதியாகவே அதில் ஒருவர் தங்கினால், அது பயன்பாட்டு மாற்றமே ஆகாது என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் வாதத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். இது சட்டப்படியானதே என்று கவுன்சில் தரும் 'லாஃபுல் டெவலப்மென்ட்' சான்றிதழுக்கு விண்ணப்பித்து, எழுத்தில் வாங்குங்கள். பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான். ஒன்று: கராஜ் கராஜாகவே இருக்க வேண்டும் என்று பழைய அனுமதியில் நிபந்தனை இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

'இப்போதைக்கு ஜிம் என்று கட்டுவோம், அடுத்த மாதம் கட்டில் போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படி ஒரு வரைபடம் எப்படி இருக்கும் தெரியுமா? 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, மேலே 'ஜிம்' என்று எழுத்து. ஒரு மூலையில் ஷவரும் டாய்லெட்டும். எதிர்ச் சுவரில் சிங்க், பக்கத்தில் மேடை, மேடைக்கு மேல் புகைபோக்கிக் குழாய். நடுவே தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் 'ஸ்டோர்', அந்த ஸ்டோருக்கு அகலமான ஜன்னலும் திரைச்சீலைக் கம்பியும். பிளானிங் அதிகாரி இதைப் படுக்கையறையாகத்தான் படிப்பார். அதன்பின் நீங்கள் உண்மையாகச் சொல்வதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

வாடகைக்கு விடத்தான் கட்டுகிறீர்கள் என்றால் அது புது வீடு. அதற்கு முழு பிளானிங் விண்ணப்பம். தேசிய அளவுகோல்படி ஒருவர் தங்கும் வீட்டுக்குக் குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும். தனி வழி, வெளிச்சம், அக்கம்பக்கத்தாரின் அந்தரங்கம் எல்லாம் பார்ப்பார்கள். சாதாரணமான வரிசை வீட்டின் பின்தோட்டத்துக்கு இது கிடைக்கும் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

படி 4: வரைபடங்களைத் தயார்செய்யுங்கள்

பிளானிங் போர்ட்டல் தளத்தில் கணக்கு தொடங்கி அதன் வழியாகவே விண்ணப்பிக்கலாம். வேண்டியவை: 1:1250 அளவில் இடக் குறிப்பு வரைபடம், 1:500 அல்லது 1:200 அளவில் மனை வரைபடம், 1:50 அல்லது 1:100 அளவில் தரைப்படமும் நான்கு பக்கத் தோற்றங்களும், உரிமைச் சான்று. இடக் குறிப்பு வரைபடத்தை இணையத்தில் விலைக்கு வாங்கலாம். கூகுள் படத்தை வெட்டி ஒட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடும்போது வீடு, தோட்டம், புது அறை மூன்றும் ஒரே கோட்டுக்குள் இருக்க வேண்டும். அறையை மட்டும் சுற்றிப் போட்டால், 'இது தனி மனை' என்று நீங்களே சொன்னதாகிவிடும். அவசரத்தில் வரைகிறவர்கள் செய்துவிடுகிற வேலை இது, அனுப்புமுன் ஒரு முறை பாருங்கள்.

இதோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். படி 1-இல் எழுதினீர்களே, அதுதான். இப்படி எழுதலாம்: "இந்த அறை என் தாயார் தங்குவதற்கு. அவருக்கு 74 வயது, மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியாது. சமையலும் துணி துவைப்பதும் பெரிய வீட்டில். வாசல், தோட்டம், மின்சாரம், முகவரி எல்லாம் பொது. அறையைத் தனியாக விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்." இதை ஆங்கிலத்தில் இதே எளிமையோடு எழுதினால் போதும்.

ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டு. இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான லாஃபுல் டெவலப்மென்ட் சான்றிதழுக்கு அதில் பாதி. கட்டணம் ஏப்ரல்தோறும் மாறக்கூடும், அன்றைய தொகையைப் போர்ட்டலில் பாருங்கள். போர்ட்டலின் சேவைக் கட்டணமும் சேரும்.

படி 5: அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்

விண்ணப்பம் சரியாக இருந்தால் 8 வாரத்துக்குள் முடிவு வர வேண்டும். பக்கத்து வீட்டாருக்குக் கருத்துச் சொல்ல 21 நாள் கொடுப்பார்கள். கவுன்சில் கடிதம் போவதற்கு முன்பே வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் நேரில் பேசுங்கள். 'வாடகைக்கு விடப்போகிறார்கள்' என்ற பயம்தான் பெரும்பாலான எதிர்ப்புக்குக் காரணம். மறுத்துவிட்டால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். காரணம் உயரமோ ஜன்னலோ என்றால் மேல்முறையீட்டைவிடத் திருத்தி மறுபடி அனுப்புவதே விரைவு, கட்டணம் மறுபடி கட்ட வேண்டியிருந்தாலும்.

அனுமதி வந்தால் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். வீட்டோடு சேர்ந்த பயன்பாட்டுக்கு மட்டுமே என்று ஒரு நிபந்தனை அநேகமாக இருக்கும். அம்மாவின் காலத்துக்குப் பிறகும் அது தொடரும்.

ஏற்கெனவே ஆள் தங்கியிருந்தால்

4 ஆண்டு ஓட்டிவிட்டால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்தக் காலம் 10 ஆண்டு. அந்தத் தேதிக்கு முன்பே முடிந்த கட்டடத்துக்கும், முன்பே தனிக் குடியிருப்பாக மாறிவிட்டதற்கும் மட்டும் பழைய 4 ஆண்டு பொருந்தும். மறைத்து வைத்தால் அதுவும் உதவாது. சர்ரேயில் ஒருவர் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் பெரிய வீடே கட்டி மறைத்து வாழ்ந்தார்; நீதிமன்றங்கள் ஏற்காமல் 2016-இல் அது இடிக்கப்பட்டது. 2013-இல் ஸ்லவ் கவுன்சில் விமானத்திலிருந்து வெப்பப் படம் எடுத்து, ஆள் குடியிருக்கும் ஷெட்டுகளைத் தேடியது. அமலாக்க நோட்டீஸ் வந்தபின் அதை மீறுவது குற்றம். வாடகைப் பணத்தையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் வழியுண்டு. கடிதம் வருமுன் நீங்களே போய் விண்ணப்பிப்பது எப்போதும் நல்லது.

படி 6: பில்டிங் ரெகுலேஷன்ஸ்

பிளானிங் அனுமதி கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்டடம் பாதுகாப்பாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் தனி விதிகள் இவை. 15 சதுர மீட்டருக்கு உட்பட்ட ஷெட்டுக்குப் பொதுவாக விலக்கு உண்டு; ஆனால் ஆள் உறங்கும் அறைக்கு எவ்வளவு சிறியதாயினும் விலக்கு கிடையாது. அடித்தளம், குளிர்காப்பு, கழிவுநீர், மின்சாரம் எல்லாவற்றையும் இந்த விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் வந்து பார்க்கும். தரையை மூடுவதற்கு முன் ஆய்வாளரை அழைக்க வேண்டும், மூடிய பிறகு அழைத்தால் உடைக்கச் சொல்வார்.

உறங்கும் அறைக்குத் தீ வந்தால் வெளியேறும் வழி வேண்டும். ஜன்னல் வழியாக என்றால் திறப்பு 0.33 சதுர மீட்டருக்குக் குறையாமல், உயரமும் அகலமும் தலா 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயதானவர் அந்த ஜன்னலில் ஏறி இறங்க முடியுமா? முடியாது என்றால் நேராகத் தோட்டத்துக்குத் திறக்கும் கதவே வையுங்கள், வாசலில் படி இல்லாமல். புகை அலாரம் பெரிய வீட்டிலும் ஒலிக்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். அதைச் செலவாகப் பார்க்காதீர்கள்.

பொதுச் சாக்கடைக் குழாய் 3 மீட்டருக்குள் ஓடினால் தண்ணீர் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996-ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழைக் கையில் வாங்காமல் பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

படி 7: கவுன்சில் டாக்ஸ், இன்ஷூரன்ஸ்

சமையல், குளியல், படுக்கை மூன்றும் உள்ளே இருந்தால் அறைக்குத் தனி கவுன்சில் டாக்ஸ் பட்டை போடக்கூடும். போட்டாலும் பயப்பட வேண்டாம். உங்களைச் சார்ந்து வாழும் உறவினர் அங்கே தங்கி, அவருக்கு 65 வயதுக்கு மேல் இருந்தாலோ கடுமையான ஊனம் இருந்தாலோ 'கிளாஸ் டபிள்யூ' விலக்கில் வரியே கிடையாது. மற்றக் குடும்பத்தினர் தங்கினாலோ, அறையை உங்கள் வீட்டின் பகுதியாகவே பயன்படுத்தினாலோ, 2014 ஏப்ரல் முதல் பாதி வரி தள்ளுபடி உண்டு. இவற்றை நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். படிவம் கவுன்சில் தளத்தில் இருக்கும். வீட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும், ஆள் குடிவருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.