யுனிவர்சல் ரிமோட்: காசு வீணாகும் இடங்கள்

பாலக்காட்டு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் டிவி மேஜையில் ரிமோட்டுக்குப் பஞ்சமே இல்லை. டிவிக்கு ஒன்று, தமிழ் சேனலுக்காகப் போட்ட சன் டைரக்ட் டிஷ்ஷுக்கு ஒன்று, கேரளாவிஷன் கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, இன்டர்நெட்டில் படம் பார்க்கப் பையன் மாட்டிவிட்டுப் போன அமேசான் ஃபயர் ஸ்டிக்குக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று. இதில் ஏதாவது பழுதானதும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வாங்கிவிடலாம் என்று தோன்றும். 200, 300 ரூபாய்ச் சாமான்தானே என்று வாங்கி வந்து, இரண்டு நாள் அழுத்திப் பார்த்துவிட்டு ஜன்னல் திண்டில் போட்டுவிடுவதும் சகஜம்.

ரிமோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் நடப்பது இதுதான். "என்ன டிவிங்கண்ணா?" என்பார் கடைக்காரர். கம்பெனி பெயரைச் சொல்வோம். கொக்கியில் தொங்குவதில் ஒன்றை உருவித் தருவார். ஒரே கம்பெனி பத்து வருஷத்துக்கு முன் விட்ட டிவிக்கும் இன்றைய டிவிக்கும் ரிமோட் வேறு வேறாக இருக்கலாம். கேபிள் பாக்ஸும் அப்படித்தான். ஒரே ஆபரேட்டர் வெவ்வேறு சமயத்தில் கொடுத்த பாக்ஸ்களை வெவ்வேறு கம்பெனிகள் செய்திருக்கும். அதனால் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய ரிமோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, எந்தப் பெட்டி எந்த வகை சிக்னலைக் கேட்கிறது என்று பார்க்காமல் வாங்குவது. மலிவு யுனிவர்சல் ரிமோட் பெரும்பாலும் இன்ஃப்ராரெட் மட்டும்தான். முனையிலுள்ள குட்டி எல்இடி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கவிட்டுக் கட்டளையை அனுப்பும். ஃபயர் ஸ்டிக் அந்த ஒளியைப் பார்ப்பதே இல்லை. அதன் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. குழப்பம் எங்கே என்றால், அதே ஃபயர் ஸ்டிக் ரிமோட் டிவியின் வால்யூமையும் பவரையும் மட்டும் இன்ஃப்ராரெட்டில் அனுப்பும். அதைப் பார்த்துவிட்டு எல்லாமே ஒரே ரகம் என்று நினைத்துவிடுகிறோம். சோதிக்க ஒரு சுலபமான வழி: பழைய ரிமோட்டின் முனையை உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு அழுத்துங்கள். அப்போதும் வேலை செய்தால் அந்த பட்டன் இன்ஃப்ராரெட் இல்லை, கொக்கியில் தொங்கும் மலிவு இன்ஃப்ராரெட் ரிமோட் எதுவும் அதற்கு உதவாது.

பழைய ரிமோட் நிஜமாகவே செத்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். போன் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் ஊதா நிறத்தில் மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். சில போன்களில் பின்கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். சில பட்டனுக்கு மினுங்கி, சிலதுக்கு மினுங்கவில்லை என்றால் உள்ளே ரப்பரில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது அதன் கரிப்பூச்சு தேய்ந்திருக்கும். அழுக்கு என்றால் துடைத்தாலே சரியாகிவிடும். எதற்குமே மினுங்கவில்லையா, முதலில் பேட்டரி மாற்றுங்கள், அப்புறம் பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. செட்-டாப் பாக்ஸ் ரிமோட் பலவற்றில் ஓரமாக டிவி என்று போட்டு நாலைந்து பட்டன்கள் தனியாக இருக்கும். டிவி ரிமோட்டை அதன் எதிரே மூக்கோடு மூக்கு வைத்துக் கற்றுக்கொடுத்தால் பவர், வால்யூம், சோர்ஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும். செட் பட்டனை விளக்கு எரியும் வரை பிடித்து, கற்க வேண்டிய பட்டனைத் தொட்டு, டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்த வேண்டும். மாடலுக்கு மாடல் முறை கொஞ்சம் மாறும். ஒரு பைசா செலவில்லை. ஸ்டிக் வைத்திருப்பவர்கள் டிவி செட்டிங்கில் ஹெச்டிஎம்ஐ சிஇசியை, அதாவது டிவியும் அதில் மாட்டிய பெட்டியும் ஒன்றையொன்று இயக்கும் வசதியை, ஆன் செய்து பார்க்கலாம். சாம்சங்கில் அது அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒத்துக்கொண்டால் டிவி ரிமோட்டே ஸ்டிக்கின் மெனுவையும் நகர்த்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், என் ஓட்டு கற்கும் ரிமோட்டுக்கே, அதாவது ஒரிஜினல் ரிமோட்டின் சிக்னலைப் பார்த்து அப்படியே பதிந்துகொள்ளும் ரகத்துக்கே. புத்தகத்தில் கம்பெனிவாரியாகக் கொடுத்திருக்கும் கோடு (code) எண்ணை அழுத்திச் செட் செய்யும் ரகம் பெரிய கம்பெனி டிவிக்குப் போதும். ஆனால் பொள்ளாச்சியிலோ கோவையிலோ அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் பெரும்பாலும் எந்தக் கோடு புத்தகத்திலும் இருக்காது. அதற்குக் கற்கும் ரிமோட் ஒன்றுதான் வழி, அதுவும் ஒரிஜினல் உயிரோடு இருக்கும்போதே. ஒரிஜினல் போனபின் யாரிடமிருந்து கற்கும்? பேட்டரி எடுத்தால் கற்றது மறந்துபோகுமா என்று கடையிலேயே கேளுங்கள். சில மலிவு ரிமோட்டுகள் மறந்துவிடும்.

பாக்ஸ் ரிமோட்டை எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதும் எல்லையோரத்தில் முக்கியம். பொள்ளாச்சிக் கடைகளில் அங்கே ஓடும் பாக்ஸ்களுக்கான ரிமோட்தான் அதிகம் தொங்கும். தமிழ்நாடு அரசு கேபிள் பாக்ஸ் ரிமோட் கேரளா கேபிளுக்கு எதற்கு? கேரளாவிஷன், ஏசியாநெட் பாக்ஸ் என்றால் கொழிஞ்சாம்பாறையிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ கேளுங்கள், இல்லையென்றால் முதலில் கேபிள்காரருக்கு ஒரு போன் போடுங்கள். சன் டைரக்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

விலை கூடினால் நீடிக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். யுனிவர்சல் ரிமோட்டில் பெரிய பெயரான லாஜிடெக் ஹார்மனியையே அந்தக் கம்பெனி 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பழையது மலிவாக வருகிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

ஒரே அழுத்தில் டிவி, பாக்ஸ் இரண்டையும் அணைக்கும் பட்டன் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பல பெட்டிகளில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் கட்டளை ஒன்றே. பாக்ஸ் ஏற்கெனவே அணைந்திருந்தால் டிவி அணையும்போது பாக்ஸ் எழுந்து உட்காரும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு பவர் பட்டனும் தனித்தனியாக, பெரிதாக இருப்பதே நல்லது.

ஏசியையும் இதிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்திலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பும். கற்கும் ரிமோட்டில் ஒரு பட்டனுக்கு 24 டிகிரியைக் கற்றுக்கொடுத்தால் அது எப்போதும் அந்த 24-ஐத்தான் சொல்லும், கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஏசிக்குத் தனி யுனிவர்சல் ரிமோட் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.