பல நகர வெளிநாட்டுப் பயணம்: திட்டத்திலும் தங்குமிடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துக் குடும்பங்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் காலம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பள்ளிகளுக்கு முழு ஆண்டு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்கள். இன்னொன்று, பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் ஓய்ந்திருக்கும் தீபாவளியை ஒட்டிய வாரம். கிடைப்பது எட்டு நாளோ பத்து நாளோதான் என்பதால், இவ்வளவு செலவு செய்து போகிறோம், பக்கத்திலிருக்கும் அந்த ஊரையும் பார்த்துவிடலாமே என்ற ஆசை முதல் நாளிலேயே திட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பாரிஸ், சூரிக், வெனிஸ், ரோம், முடிந்தால் ஆம்ஸ்டர்டாம் என்று காகிதத்தில் ஊர்ப்பெயர்கள் ஏறிக்கொண்டே போகின்றன. எந்த ஊரில் எத்தனை இரவு படுக்கப் போகிறோம் என்ற கணக்கு கடைசியில்தான் வருகிறது. பல நகரப் பயணங்களில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, தங்குமிடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது உட்பட, இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

ஊர் மாறும் நாளுக்கு என்ன விலை

பாரிஸிலிருந்து சூரிக்குக்கு நேரடி ரயிலில் சுமார் 4 மணி நேரம். இதைப் படித்தவுடன், காலையில் கிளம்பினால் மதியம் சுவிட்சர்லாந்தில் சுற்றிப் பார்க்கலாம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நாள் உண்மையில் எப்படிக் கழியும் என்று பாருங்கள். பெட்டிகளைக் கட்டி, குழந்தைகளைக் கிளப்பி, அறையைக் காலி செய்து, கார் த லியோன் நிலையத்துக்குப் போய்ச் சேரக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாகும். அங்கிருந்து ரயிலில் 4 மணி நேரம். தங்கப் போவது இண்டர்லாக்கன் என்றால் சூரிக்கிலிருந்து இன்னும் 2 மணி நேரம். விடுதியைத் தேடிப் பிடித்துப் பெட்டிகளை இறக்கி வைக்கும்போது மாலையாகிவிடும். அன்றைக்குப் பார்த்த இடம் ரயில் ஜன்னல் மட்டுமே.

எனவே ஓர் ஊரில் இரண்டு இரவு என்றால் முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். ஓர் இரவு என்றால் எதுவுமே இல்லை. பத்து நாள் பயணத்தில் ஐந்து ஊர் வைத்தால் நான்கு நாட்கள் ஊர் மாறுவதிலேயே போகும். போய் இறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் மிஞ்சுவது நான்கு நாள். இதை முதலிலேயே தாளில் எழுதிப் பார்க்கிற குடும்பம் தானாகவே இரண்டு ஊரை அடித்துவிடும்.

ஊரை அடித்துவிடுவதால் அந்த இடத்தைப் பார்க்க முடியாது என்று பொருளில்லை. ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு பகலில் போய் இரவில் திரும்பும் முறையைப் பலர் யோசிப்பதே இல்லை. சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நான்கு இரவு தங்கினால் சூரிக் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். இண்டர்லாக்கன் 2 மணி நேரம். டிட்லிஸ் மலைக்குப் போகும் எங்கெல்பெர்க் இன்னும் பக்கம். ஜப்பானில் கியோட்டோவுக்கு ஒரு விடுதி, ஒசாகாவுக்கு ஒரு விடுதி என்று பிரித்துப் பதிவு செய்வது இன்னும் வீணான வேலை, ஏனெனில் இரண்டுக்கும் இடையே சாதாரண விரைவு ரயிலிலேயே அரை மணி நேரம்தான் ஆகும்.

பெட்டியும் இந்தக் கணக்கில் சேரும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, அவற்றை வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பெரிய டிராலிப் பெட்டி இந்த அளவைத் தாண்டக்கூடும், அளந்து பார்த்துவிடுங்கள்.

போன வழியே திரும்பும் டிக்கெட்

பாரிஸில் இறங்கி ரோமில் முடிக்கும் பயணத்துக்கு, பாரிஸுக்கே போய்வரும் டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசி நாளில் ரோமிலிருந்து பாரிஸுக்குத் தனியாக இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட்டைப் பெரும்பாலான முன்பதிவுத் தளங்களில் ‘பல நகரம்’ என்ற பிரிவில் எடுக்கலாம். விலை சற்றுக் கூடினாலும், மிச்சமாகும் ஒரு நாளையும் ஓர் இரவு வாடகையையும் எண்ணினால் அது லாபம்தான்.

கோவையிலிருந்து சிங்கப்பூர், சார்ஜா போன்ற சில ஊர்களுக்கு மட்டுமே நேரடி விமானம் உண்டு. மற்றவற்றுக்கு சென்னை, பெங்களூரு, கொச்சி என்று போய்த்தான் மாற வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, கோவை முதல் பெங்களூரு வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வேறொரு டிக்கெட் என்று பிரித்து எடுக்கும் பழக்கம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. பெட்டியும் கடைசி ஊர் வரை தானாகப் போகாது, எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்படித்தான் எடுக்க வேண்டியிருந்தால் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள், அல்லது முந்தின நாளே போய்விடுங்கள்.

மலிவு விமானங்களில் இறங்கும் விமான நிலையத்தின் பெயரையும் முழுதாகப் படிக்க வேண்டும். பாரிஸ் பொவே என்று எழுதியிருக்கும் நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. பெருந்துறையில் இறக்கிவிட்டு இதுதான் கோயமுத்தூர் என்று சொல்வதைப் போல. பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் அமைந்தால் நகரத்தின் நெரிசலைக் கடந்தாக வேண்டும்.

விசாவுக்கு ஏற்ற வரிசை

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரப்படும் ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது நம் விருப்பமில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் நான்கு, இத்தாலியில் மூன்று என்றால் அது சுவிட்சர்லாந்து விசா. பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் நேர்காணல் தேதி தேடுவது, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் தேடுகிற கதையாகிவிடும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

லண்டனை நடுவில் செருகுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை; அதற்குத் தனி விசா. அதோடு, பாரிஸ் போய், லண்டன் போய், பிறகு ரோமுக்குத் திரும்பினால் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு முறை நுழைகிறோம். கையில் இருப்பது ஒரு முறை நுழைவதற்கான விசா என்றால் லண்டனிலிருந்து ரோமுக்குள் நுழைய முடியாது. லண்டனைத் தொடக்கத்திலோ கடைசியிலோ வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

விசாவுக்காக ஒரு விடுதியைப் பதிவு செய்து காட்டிவிட்டு, வந்ததும் எல்லாவற்றையும் மாற்றி வேறு நாட்டில் அதிக நாள் தங்குவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். எல்லையில் அதிகாரி தங்குமிடத்துக்கான சான்றைக் கேட்கலாம். குடும்பத்தோடு நிற்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது நன்றாக இருக்காது. நிஜமாகவே தங்கப் போகும் இடத்தை, ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்வதே நேர்மையான வழி, பாதுகாப்பான வழியும் அதுவே.

எங்கே தங்குவது

விடுதியைத் தேடும்போது முதலில் விலையையும் அடுத்துப் படங்களையும் பார்க்கிறோம். பல நகரப் பயணத்தில் அதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்த ஊரைவிட்டு எந்த நிலையத்திலிருந்து கிளம்பப் போகிறோம் என்பது. பாரிஸில் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ரயில்கள் கார் து நோர் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. சுவிட்சர்லாந்துக்குப் போகும் ரயில்கள் கார் த லியோனிலிருந்து. ‘ரயில் நிலையத்துக்கு மிக அருகில்’ என்ற விளம்பரத்தை நம்பித் தவறான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால், காலை நெரிசலில் பெட்டிகளோடு மெட்ரோவில் ஏற வேண்டும். அங்கே பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது.

நம் சாப்பாடு கிடைக்கும் பகுதியில் தங்குவது சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் போக்குவரத்துக்கும் ஒத்துவரும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மெட்ரோ நிலையம் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேரடி ரயில். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல், கார் து நோருக்குப் பக்கத்தில். இட்லிக்காக அங்கே தங்குவதில் தவறில்லை. கிளம்பும் நாளில் வேறு நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

வெனிஸில் நிலத்தின் பக்கமுள்ள மெஸ்த்ரேவில் வாடகை குறைவு, தீவுக்குள் அதிகம். பார்த்துவிட்டு நகர்பவர்களுக்கு மெஸ்த்ரே போதும், ரயிலில் 10 நிமிடத்தில் தீவு வந்துவிடும். தீவுக்குள் தங்குபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: அங்கே கார் ஓடாது, பாலங்களில் படிக்கட்டுகள் உண்டு, முழங்கால் வலியுள்ள அம்மாவும் இரண்டு பெரிய பெட்டிகளும் அந்தப் படிகளில் ஏறி இறங்க வேண்டும்.

ஆள் எண்ணிக்கையை மறைப்பது இன்னொரு வழக்கம். இரண்டு பேர் அறை என்று பதிவு செய்துவிட்டு, குழந்தைகளைக் கட்டிலில் கூடப் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர் லாட்ஜில் நடக்கும். ஐரோப்பாவில் பல விடுதிகள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அறைகளும் சிறியவை, மூன்றாவது கட்டில் போட இடமிருக்காது. பதிவு செய்யும்போதே குழந்தைகளின் வயதோடு சரியான எண்ணிக்கையைக் கொடுத்தால், தளமே பொருத்தமான அறையை மட்டும் காட்டும்.

சமையலறையோடு கூடிய அடுக்ககத்தை எடுப்பது நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நல்ல யோசனை. ஆனால் சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தனியார் வீடுகளை வாடகைக்கு விடுவதே சட்டவிரோதம். அங்கே மூன்று இரவுக்கு வீடு கிடைக்கிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை விதிவிலக்கு. சனி இரவு அல்லது ஞாயிறு போய்ச் சேர்ந்தால் அரிசியும் பருப்பும் கையில் இருக்க வேண்டும். எடுத்துப் போவதிலும் எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டு நெய்யைப் பெட்டியில் வைக்காதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள், அது குருமாவுக்கு என்று விளக்கிப் பயனில்லை.

காட்டிய விலையோடு செலவு முடியாது. ரோமில் ஆளுக்கு இத்தனை யூரோ என்று இரவுதோறும் நகர வரி. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவீதம், மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட். பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் குளிர்சாதன வசதி இல்லாத விடுதிகள் பல. கோடையில் போகிறவர்கள் விடுதியின் விவரங்களில் அந்தக் குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

தேதியில் நேரும் பிழைகள்

நம் விடுமுறையும் அங்கே நெரிசலும் ஒரே நாளில் விழுவதைப் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானில் ‘பொன் வாரம்’ என்னும் விடுமுறைத் தொடர். நாடே ரயிலில் இருக்கும், அறை வாடகை ஏறியிருக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் என்னும் புத்தாண்டு விழா. தீபாவளி விடுப்பில் நவம்பரில் சுவிட்சர்லாந்து போகிறவர்கள், அங்கே சில மலைகளின் கேபிள் கார்கள் வருடாந்திரப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்தப்படும் என்பதால், தேதியை முன்பே சரிபார்க்க வேண்டும். தேதியால் வாடகை ஏறுவதைக் கரூர் ஏற்றுமதியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் என்னும் வீட்டுத் துணிக் கண்காட்சி நடக்கும்போது ஃப்ராங்க்ஃபர்ட்டில் அறை என்ன விலைக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கண்காட்சியோடு குடும்பச் சுற்றுலாவையும் சேர்ப்பதாக இருந்தால், குடும்பம் வரும் நாட்களைக் கண்காட்சி முடிந்த பிறகு வைத்து, வேறோர் ஊரில் தொடங்குவது நல்லது.

நள்ளிரவைக் கடக்கும் விமானங்கள் இன்னொரு குழப்பம். 12ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு 11ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதேபோல் 12ஆம் தேதி பிறந்ததும் நள்ளிரவு 12.40க்கு ஓர் ஊரில் இறங்குகிறோம் என்றால், அறை 11ஆம் தேதி இரவிலிருந்து பதிவாகியிருக்க வேண்டும்; 12 என்று போட்டால் பிற்பகல் 3 மணி வரை வரவேற்பறைதான் கதி. சிறிய விடுதிகளிலும் அடுக்ககங்களிலும் இரவு முழுவதும் ஆள் இருப்பதில்லை; தாமதமாக வந்தால் சாவியை எப்படிப் பெறுவது என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கைபேசியில் சேமித்து வையுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையை இணையத்தில் வருவதற்கு மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். தங்குமிடத்தின் முகவரி அதற்கும் தேவைப்படும்.

ரத்து செய்வதற்கான கடைசி நேரம் விடுதி இருக்கும் ஊரின் கடிகாரப்படி என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவைப் பொறுத்தவரை அது நமக்குச் சாதகம், சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஜப்பான் விடுதி என்றால் மூன்றரை மணி நேரம் முன்பே கதவு மூடிவிடும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத மலிவு வாடகையை எந்த ஊரிலும் எடுக்காதீர்கள்.