ட்ராஃப்டில் முதலில் முன்வரிசை, பிறகுதான் மற்றதெல்லாம்

திருகோணமலையில் உதைபந்தாட்டம் என்றால் மக்கெய்சர் மைதானம்தான் ஞாபகம் வரும், ஆனால் நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. உப்புவெளிப் பெடியள் நாலைந்து பேர் வீடியோ கேமில் ஆளுக்கொரு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி நடத்துகிறோம். எல்லோரும் ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தெரிவில், முதல் சுற்றிலேயே பந்து பிடிக்கிறவனை எடுத்துவிட்டு, அப்புறம் பந்தை எறியும் குவாட்டர்பேக் நிமிரும் முன்னமே விழுகிறார் என்று புலம்புகிறார்கள்.

ட்ராஃப்டில் 7 சுற்று. முதல் சுற்றில் முன்வரிசை ஓரத்தில் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கும் டாக்கிளையோ, ஓரத்தால் வந்து எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷரையோ எடுங்கள், பெரிய உடம்போடு வேகமும் உள்ளவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். முன்வரிசையின் உட்பக்கம் நிற்கும் கார்ட், சென்டருக்குப் பொறுக்கலாம்.

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியைப் பாருங்கள். டாக்கிள் லேன் ஜான்சன் 2013இல் 4ஆவது தெரிவு, சரி. ஆனால் சென்டர் ஜேசன் கெல்சி 2011இல் 6ஆம் சுற்றில் வந்தவர், ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டான் மைலாட்டா 2018இல் 7ஆம் சுற்று! தற்காப்பின் நடுவுக்கு மட்டும் கஞ்சத்தனம் இல்லை: 2022இல் ஜோர்டான் டேவிஸ், 2023இல் ஜேலன் கார்ட்டர், இருவரும் முதல் சுற்று. 2025 சூப்பர் போல் இறுதிப் போட்டியில் எதிரணி குவாட்டர்பேக் மகோம்ஸை 6 முறை சாய்த்தார்கள்.

இன்னொன்று, ஆள் ஓய்வு பெறும்வரை காத்திருக்காதீர்கள். கெல்சி விலகியது 2024இல், அவருடைய இடத்துக்கு வந்த கேம் ஜர்கன்ஸை 2022இலேயே எடுத்து வைத்துவிட்டார்கள்.