ஹேப்பி வேலியில் உள்கேட் குதிரைக்கு உண்மையிலேயே சாதகமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

ஹாங்காங்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் டிராம் பிடித்து ஹேப்பி வேலி குதிரைப் பந்தயத் தளத்தில் இறங்கிவிடுவேன். நுழைவுக் கட்டணம் 10 டாலர். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் புல்தரை. முதல் மூன்று வாரமும் உள்வேலியை ஒட்டிய கேட்டில், அதாவது ஓட்டம் தொடங்கும் வாயிலில் இருந்து கிளம்பிய குதிரைகளே ஜெயிப்பதாக எனக்குப் பட்டது. நோட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன். நான்காவது வாரம் வெளிக்கேட் குதிரைகள் வரிசையாக ஜெயித்தன. அந்த வாரம் வேலியையே நகர்த்தியிருந்தார்கள், அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் முறையாகக் கணக்கு எடுக்க ஆரம்பித்தேன்.

ஓடுதளமே சில குதிரைகளுக்குக் கைகொடுப்பதைத்தான் டிராக் பயஸ் என்கிறார்கள். இது வெறும் நம்பிக்கை இல்லை, காரணம் இருக்கிறது. அரைவட்ட வளைவு ஒன்றில் வேலியை விட்டு 3 மீட்டர் வெளியே ஓடும் குதிரை, பை (3.14) மடங்கு மூன்று, அதாவது 9 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். ஏறக்குறைய நாலு குதிரை நீளம். ஹேப்பி வேலி சின்ன, இறுக்கமான தளம். 1650 மீட்டர் ஓட்டம் நேர்ப்பாதையில் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே முதல் வளைவுக்குள் நுழைந்துவிடும். வெளிக்கேட் குதிரை உள்ளே வந்து சேர நேரமே கிடைப்பதில்லை.

சரி, தரவு. ஹாங்காங் ஜாக்கி கிளப் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவோடும் கேட் எண் (உள்வேலியிலிருந்து எண்ணுவது), ஓட்டத்தின் இடையே குதிரை இருந்த இடம், கடைசி விலை (ஒரு டாலர் கட்டி அந்தக் குதிரை ஜெயித்தால் கிடைக்கும் தொகை), தரையின் ஈரம் எல்லாவற்றையும் வெளியிடுகிறது. எக்ஸெலில் ஒரு குதிரைக்கு ஒரு வரி என்று ஏற்றுங்கள். மறக்கவே கூடாத ஒரு பத்தி உண்டு: வேலி அன்றைக்கு எந்த இடத்தில் இருந்தது. மிதிபட்ட புல் தேறட்டும் என்று வேலியை ஏ, பி, சி, சி+3 என மாற்றி மாற்றி வைப்பார்கள். வேலி வெளியே நகர நகர ஓடும் அகலம் குறையும். இந்த நான்கையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தால் எந்த உண்மையும் தெரியாது.

அடுத்து, ஜெயித்தவர்களை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீர்கள். 'ஒன்றாம் கேட் 15 முறை ஜெயித்தது' என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. கேட் எண்ணால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் எத்தனை முறை ஜெயித்திருக்கும்? அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் பேச முடியும். 12 குதிரை ஓட்டத்தில் ஒவ்வொரு கேட்டுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு, 8 குதிரை ஓட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓட்டம் ஓட்டமாக இந்தப் பங்கைக் கூட்டுங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரே தூரம், ஒரே வேலி, 12 குதிரை வீதம் 120 ஓட்டங்கள். கேட்களை 1-4, 5-8, 9-12 என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 40 முறை ஜெயிக்க வேண்டும். நடந்தது 54, 38, 28 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசங்கள் 14, 2, 12. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 344. அதை 40-ஆல் வகுத்தால் 8.6. இதுதான் கை-வர்க்கச் சோதனை (chi-square), வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு. மூன்று பிரிவுக்கு 5 சதவீத வரம்பு, அதாவது தற்செயலாக நூறில் ஐந்து தடவை மட்டுமே தாண்டப்படும் எண், 5.99, ஆகவே 8.6 கவனிக்க வேண்டிய எண்தான். இதே போக்கில் 12 ஓட்டம் மட்டும் இருந்து 6, 4, 2 என்று வந்திருந்தால்? கணக்கு 2.0 என்றுதான் வரும். அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே மூன்றில் ஒரு தடவைக்கு மேல் வந்துவிடும். என் முதல் மூன்று வாரங்களின் கதை இதுதான்.

கேட்டைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். அதனால் நல்ல குதிரைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்வது நாளடைவில் சமமாகிவிடும். ஓட்டங்கள் குறைவாக இருந்தால் ஆகாது. அப்போது விலையைத் துணைக்கு எடுங்கள். விலை 5 என்றால் ஒன்றை ஐந்தால் வகுத்து 0.20. இப்படி எல்லாக் குதிரைக்கும் போட்டுக் கூட்டினால் ஒன்றைத் தாண்டி 1.21 பக்கம் வரும், ஏனென்றால் கிளப் 17.5 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. 0.20-ஐ 1.21-ஆல் வகுத்தால் 0.165. அந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சந்தை நினைக்கும் வாய்ப்பு அது. இதையே எதிர்பார்ப்பாக வைத்துக் கேட்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். உள்கேட் நல்லது என்று சந்தைக்கும் தெரியும், விலையில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஆகவே முதல் கணக்கில் பயஸ் தெரிந்து இதில் மறைந்துவிட்டால், பயஸ் உண்மை, ஆனால் அதில் காசு இல்லை என்று அர்த்தம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

ஒரே இரவின் பயஸ்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கடினமானதும் அதுதான். கையில் எட்டு ஒன்பது ஓட்டங்கள்தான் இருக்கும், ஜெயித்தவர்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லாக் குதிரைகளையும் பயன்படுத்துங்கள். விலைப்படி மூன்றாவதாக வர வேண்டியது ஏழாவதாக வந்தால் மைனஸ் 4, ஏழாவதாக வர வேண்டியது மூன்றாவதாக வந்தால் பிளஸ் 4. உள்கேட் குதிரைகளின் சராசரியிலிருந்து வெளிக்கேட் சராசரியைக் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சீட்டுக் குலுக்குவது போல, ஒவ்வொரு ஓட்டத்துக்குள்ளும் கேட் எண்களைக் கலைத்துப் போட்டு அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை போடுங்கள். அன்றைக்கு உண்மையில் வந்த வித்தியாசம் ஆயிரத்தில் இருபது முப்பது தடவைதான் தாண்டப்படுகிறது என்றால் அந்த இரவைக் குறித்து வையுங்கள்.

முன்னால் ஓடும் குதிரைகளுக்குத் தளம் சாதகமா என்பதையும் இப்படியே பார்க்கலாம், கேட்டுக்குப் பதிலாக முதல் வளைவில் இருந்த இடத்தை வைத்து. ஆனால் பகுதி நேரங்களை, அதாவது ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரத்தை, கட்டாயம் பாருங்கள். ஆரம்பத்தில் மெதுவாக ஓடியிருந்தால் முன்னால் போனவை களைக்காமல் ஜெயிக்கும். அதற்குத் தளம் காரணமில்லை, ஓட்டத்தின் வேகம்தான் காரணம்.

நான்கு வேலி, ஐந்து தூரம் என்று இருபது சேர்க்கைகளைச் சோதித்தால், எதிலுமே பயஸ் இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று 5 சதவீத வரம்பைத் தாண்டும். அதனால் 0.05-ஐ இருபதால் வகுத்து 0.0025 என்று வரம்பை இறுக்குகிறேன். இல்லையென்றால் ஒரு பருவத்தில் கண்டதை அடுத்த பருவத்தின் ஓட்டங்களில் மட்டும் வைத்துச் சோதிக்கிறேன். இரண்டாவது வழிதான் எனக்கு நம்பிக்கை தருவது.

உங்கள் எக்ஸெல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹாங்காங்கின் இன்னொரு பந்தயத் தளமான ஷா டின்னின் 1000 மீட்டர் ஓட்டங்களை ஏற்றுங்கள். வளைவே இல்லாத நேர்ப்பாதை. அங்கே பெரிய கேட் எண்களுக்கு, அதாவது பார்வையாளர் பக்க வேலியை ஒட்டியவற்றுக்குச் சாதகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது உங்கள் கணக்கில் தெரியவில்லை என்றால் எங்கோ பத்தி மாறியிருக்கிறது.

நான் இதை வைத்து ஒரே ஒரு பட்டியல்தான் போடுகிறேன்: உள்பக்கம் சாதகமாக இருந்த இரவில் வெளியே அகலமாக ஓடியும் நாலாவது, ஐந்தாவது வந்த குதிரைகள். அடுத்த தடவை அவற்றுக்கு எந்த வேலி, எந்த கேட் என்று பார்த்துவிட்டுத்தான் புதன்கிழமை நோட்டைத் திறக்கிறேன்.