கரைக்குப் போகும் பொதுப் பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகத் தேடுபவர்கள் கடற்கரையைத் தேடுகிறார்கள். கடற்கரை எங்கும் ஓடிவிடாது. தேட வேண்டியது அதற்குப் போகும் பாதையை. அலை நனைக்கும் மணல் பல நாடுகளில் பொதுச் சொத்துதான். சாலைக்கும் அதற்கும் நடுவே வீடுகளும் வேலிகளும் வரிசைகட்டி நிற்பதுதான் சிக்கல்.

படி 1: எதுவரை பொது?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே விதி மாறும். அமெரிக்காவையே பாருங்கள். கலிபோர்னியாவில் சராசரி உயர் ஓதக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்கு, கீழே உள்ள ஈர மணல் எல்லோருக்கும் உரியது. பக்கத்து ஓரிகனில் 1967-இல் வந்த சட்டத்தின்படி செடிகொடிகள் தொடங்கும் இடம்வரை காய்ந்த மணலிலும் உலவலாம். மாசச்சூசெட்ஸில் பல இடங்களில் தனியார் நிலம் தாழ் ஓதக் கோடுவரை நீள்கிறது. அந்த ஈர மணலில் மீன்பிடிப்பு, பறவை வேட்டை, படகுப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு மட்டுமே மக்களுக்கு உரிமை. தூண்டிலோடு நின்றால் உரிமை, துண்டை விரித்தால் அத்துமீறல்!

படி 2: அரசு வரைபடம்

கடலோர ஆணையம், பூங்காத் துறை, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் இணையதளங்களைப் பாருங்கள். ஏரி, ஆறு என்றால் படகு இறக்கும் சரிவுகளைத் தேடுங்கள். படகு இல்லாதவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை; நீர்க்கரைக்குப் பெரும்பாலும் அவைதான் நேர்வழி.

படி 3: செயற்கைக்கோள் படம்

கரையை நோக்கி வந்து முட்டி நிற்கும் தெருக்கள், இரு வீடுகளுக்கு இடையே ஒடுங்கிய சந்து, மணல்மேட்டின் செடிகளுக்குள் வெளுத்துத் தெரியும் கால்தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கால்தடம் இருப்பதாலேயே அது பொதுவழி ஆகிவிடாது. அப்படி நம்பிப் போய் ஒருமுறை யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் நாயின் முன் நின்றேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் நடைபாதைகள் தனியே தெரியும். அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் படி 2-இன் அரசு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: நேரில் போய்ப் பார்ப்பது

கலிபோர்னியாவின் பொதுவழிப் பலகையில் அலையும் வெறுங்காலும் வரைந்திருக்கும். 'தனியார் இடம்' என்ற பலகை எப்போதும் உண்மை சொல்வதில்லை. ஆனாலும் அங்கேயே வாதாட வேண்டாம். படம் எடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கேட் மூடும் நேரத்தையும் வாகனம் நிறுத்தும் விதியையும் படித்துவிடுங்கள்.

படி 5: ஓத அட்டவணை

கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். படத்தில் அகலமாகத் தெரிந்த மணல், நீங்கள் போகும் நேரத்தில் நீருக்கடியில் இருக்கலாம். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். செங்குத்துப் பாறையை ஒட்டிய கரை என்றால் நீர் வடியும்போது கிளம்பி, மறுபடி ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் வந்த வழியே அடைபட்டுவிடும்.