கிராம்பு மரம்: விதையிலிருந்து விற்பனை வரை

கிராம்பின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் வடக்கு மாலுக்கு என்னும் தீவுப் பகுதி. டெர்னாத்தே, திடோரே, மோத்தி, மாக்கியான், பச்சான் என்று எரிமலை மண்ணில் கிடக்கும் தீவுகள். அங்குள்ள கிராமங்களில் கல்யாணச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கிராம்பு அறுவடையைப் பார்த்தே நிற்கும். நம்மிடம் இது வந்தது 1800 வாக்கில். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நட்டு, பிறகு தெற்கே நம் மலைச்சரிவுகளுக்கும் பரவியது. 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் புதிதாக நடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு முடிவு: கிராம்பை மட்டும் நடாதீர்கள். இந்தோனேசியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி க்ரெத்தெக் என்னும் கிராம்புச் சிகரெட்டுக்கே போகிறது. 1990-களில் அரசு ஆதரவோடு ஏகபோகக் கொள்முதல் வாரியம் ஒன்று வந்தது. விவசாயிக்குக் கிடைத்த விலை விழுந்தது, மரத்தை வெட்டியவர்களும் உண்டு. 1998-இல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையால்தான் அந்த வாரியம் கலைந்தது. மாலுக்கு மக்களின் பழைய வழக்கம், ஒரே தோட்டத்தில் கிராம்பு, சாதிக்காய், தென்னை, கிழங்கு எல்லாம் கலந்து வைப்பது. விலை சரியும் ஆண்டில் அடுப்பு எரிவது இந்தக் கலப்பால்தான். நமக்கும் இதுவே சரி. தென்னை, கமுகு நிழலில் கிராம்பு, நிழல் மரத்தில் நல்லமிளகு, ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி). வளர்ந்து வரும் கிராம்புக்குப் பாதி நிழல் தேவை என்பதால் இடமும் வீணாகாது.

கன்று வாங்குவதைவிட நீங்களே எழுப்புவது நல்லது. ஆண்டு தவறாமல் நன்றாகக் காய்க்கும் மரத்தைக் குறித்து வைத்து, அதில் சில மொட்டுக் குலைகளைப் பறிக்காமல் விடுங்கள். நாம் பறித்துக் காயவைக்கும் கிராம்பு விரியாத பூமொட்டுதான். மொட்டு விரிந்து, காய்த்து, கருஞ்சிவப்பாகப் பழுத்துத் தானே விழ வேண்டும். விதையைக் காயவைத்தால் முளைக்காது. பெரும்பாலான தோல்விக்கு இதுதான் காரணம். பழத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தோலைக் கையால் நீக்கி, முளைக்குருத்து இளஞ்சிவப்பாகத் தெரியும் விதைகளை மட்டும் உடனே விதையுங்கள். 15 முதல் 20 செ.மீ. உயரப் பாத்தி, மேலே மணல், 2 செ.மீ. ஆழம், நேர் வெயில் படாத பந்தல். 10, 15 நாளில் முளைக்கத் தொடங்கும். சிலது 40 நாள் வரை எடுக்கும், பாத்தியை அவசரப்பட்டுக் கிளறாதீர்கள். பிறகு மண் 3, மணல் 3, மக்கிய சாணம் 1 என்ற கலவையில் பைக்கு மாற்றி, 18 முதல் 24 மாதம் வளர்க்க வேண்டும்.

குழி 75 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மரத்துக்கு மரம் 6 முதல் 7 மீட்டர். மக்கிய உரமும் மேல்மண்ணும் இட்டு, ஜூன், ஜூலையில் நடலாம். தண்ணீர் தேங்கும் இடமானால் மழையின் வேகம் அடங்கி செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள். வேர் மூச்சு முட்டினால் கிராம்பு பிழைக்காது. சரிவில் ஓடை வெட்டி நீரை வடியவிடுவது உரத்தைவிட முக்கியம். தொழுவுரம் முதலாண்டில் மரத்துக்கு 15 கிலோ. 15-ஆம் ஆண்டில் 50 கிலோ ஆகும்படி மெல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

இலையில் புள்ளி, நுனிக்கிளை கருகல், மொட்டு உதிர்தல் மூன்றும் பெரும்பாலும் ஒரே பூசணத்தின் வேலை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை ஒரு சதவீத அளவில் தெளித்தால் அடங்கும். இளமரத்தின் அடித்தண்டில் மரத்தூள் ஒட்டியிருந்தால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. அது பட்டையைச் சுற்றி வளைத்துத் தின்பதால் மரம் மேலிருந்து வாடும். வாடிய பிறகு பார்த்துப் பயனில்லை, அடித்தண்டைச் சுத்தமாக வைத்து அடிக்கடி பாருங்கள்.

நல்ல மண்ணில் நாலாம் ஆண்டு முதல் பூக்கத் தொடங்கும், முழு விளைச்சல் 15 ஆண்டுக்குப் பிறகு. நல்ல ஆண்டில் பெரிய மரம் 4 முதல் 8 கிலோ காய்ந்த கிராம்பு தரும், சராசரி 2 கிலோ என்றே கணக்குப் போடுங்கள். ஓர் ஆண்டு அள்ளிக் கொடுத்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும். நல்ல ஆண்டின் வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து.

பணம் கூடுவதும் குறைவதும் பறிப்பில்தான். பச்சையாக இருந்த மொட்டு இளஞ்சிவப்பாகும்போது, தலை விரிவதற்கு முன் எடுக்க வேண்டும். பச்சையில் எடுத்தால் காய்ந்து சுருங்கி எடை போகும். விரிந்தபின் எடுத்தால் இதழ் உதிர்ந்து மொட்டைக் காம்பாக நிற்கும், விலையில்லை. ஒரே மரத்தில் எல்லாக் குலையும் ஒன்றாக முதிராது. அதனால் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். கூலி மிச்சம் என்று ஒரேயடியாக உருவி எடுப்பவர்கள் பாதிச் சரக்கைக் கெடுக்கிறார்கள். கிராம்புக் கிளை வெடுக்கென்று ஒடியும் குணமுள்ளது. ஏணியைக் கிளையில் சாய்க்காமல் கயிறு கட்டி நிறுத்தி, குலையை மட்டும் விரலால் கிள்ளுங்கள். கிளை ஒடிந்தால் அடுத்த ஆண்டின் மொட்டும் போச்சு, ஏறியவர் உயிருக்கும் ஆபத்து.

பறித்த அன்றே காம்பு பிரிக்க வேண்டும். ஒரு கையில் குலையைப் பிடித்து, மற்றக் கையின் உள்ளங்கையில் மொட்டுகளை அழுத்தித் திருகினால் மொட்டு தனியே கழன்று விழும். இரவு முழுக்கக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். காய்ந்தபின் வெளிறி, சுருங்கி, மாவு பிடித்ததுபோல் ஆகும். வியாபாரி அதைத் தனியாக ஒதுக்கி அடிமாட்டு விலை வைப்பார்.

காயவைக்கும்போது பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். நல்ல வெயிலில் 4, 5 நாள். மாலையில் பனி படாமல் மூடுங்கள். வடகிழக்கு மழையின் வால் நீண்டால் சூடான காற்று உலர்த்தியே வழி. ரப்பர் ஷீட் புகைப்புரையில் வைக்க ஆசைப்படாதீர்கள், புகைநெடி ஏறினால் இறங்காது. ஈரம் நிற்கும்போது கட்டி வைத்தால் பூஞ்சை, மிஞ்சிக் காய்ந்தால் எண்ணெய் குறைந்து நொறுங்கும். சரியாகக் காய்ந்ததா என்பதற்கு மூன்று அடையாளம்: தண்டு கரும்பழுப்பாகவும் தலை அதைவிட வெளிறியும் இருக்க வேண்டும், வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், பச்சை எடையில் மூன்றில் ஒரு பங்கு நிற்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 11,000 முதல் 15,000 மொட்டு பிடிக்கும்.

விற்கும்போது தலையில்லாததையும் சுருங்கியதையும் பிரித்து மூன்று தரமாகக் கொண்டுபோங்கள். கலந்து கொடுத்தால் மட்டமானதன் விலையே மொத்தத்துக்கும் கிடைக்கும். எண்ணெய் வடித்தெடுத்த மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு. தண்ணீரில் போட்டால் எண்ணெயுள்ளது மூழ்கும் அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், வடித்தது படுத்து மிதக்கும். உங்கள் சரக்கை வியாபாரி முன்னால் இப்படிப் போட்டுக் காட்டுங்கள். காம்பையும் எறிய வேண்டாம். 5 முதல் 7 சதவீதம் எண்ணெய் இருப்பதால் வடிப்பவர்கள் எடுப்பார்கள். அதையும் வெயிலில் காயவைத்து, மொட்டோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள்.