பழைய கார் சில நாள் கிளம்பி, சில நாள் அடம்பிடித்தால்

சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஒற்றை ஒலி மட்டும் எழுந்து, அடுத்த முயற்சியில் ஒன்றுமே நடவாததுபோல் எஞ்சின் கிளம்பினால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்புகளைச் சோதிப்பதே முறை. கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்க வேண்டும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மற்றொருவர் சாவியைத் திருப்பும்போது அது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரியையே முதலில் சந்தேகிக்கலாம்.

அளவு அவ்வளவாக இறங்காமலும் மோட்டார் சுழலாமலும் இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழின் மீதும் (அதைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்ப்பின் மீதல்ல), மறுமுனையை எஞ்சினின் பெயிண்ட் படாத உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைனஸிலிருந்து எஞ்சின் உலோகத்துக்குப் போகும் எர்த் கேபிளின் ஏதோ ஒரு முனையில் தடை இருக்கிறது.

பச்சைப் பொடி பூத்த முனையைவிட, வெளியே பளபளத்து உள்ளே கறுத்திருக்கும் முனையே என்னை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் கழுவி, நன்கு உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாக மாட்டிய பின் வாசலின் பூசலாம். மைனஸை மாட்டுவது கடைசியில்தான்.